போர்த்திக்கொண்ட திகம்பரர்

நிர்வாணத்தை ஒரு விரதமாகவோ கொள்கையாகவோ மேற்கொண்ட மனிதர்கள், குளிர் மிகுந்த இரவிலோ, ஜனங்கள் நெருங்கி நடமாடும் வீதியிலோ, ஒரு துணியை எடுத்துப் போர்த்திக்கொள்ள நேர்ந்துவிட்டால், அதைக் காணும் நம்மில் பலருக்கு என்ன காரணத்தாலோ ஒரு வெற்றிக் களிப்பு உண்டாகிறது. "பார்த்தீர்களா, எல்லாம் வேஷம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கொள்கையையும் அதை அநுஷ்டித்தவரையும் ஒருசேரத் தள்ளிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு அவசரமானது. அதைவிட முக்கியமாக, அநியாயமானது. ஆடையைத் துறப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை உடம்பாலேயே அறிந்தவர்கள்தாம், எப்போது ஆடை வேண்டும் என்பதையும் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்பதும், அவர்கள் போர்த்திக்கொள்ளும் சந்தர்ப்பங்களை ஆராய்ந்தால் குற்றம் பெரும்பாலும் வெற்றுடம்பின்மீது அல்லாமல் அதைப் பார்க்கும் கண்ணின்மீதே போய் நிற்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தைப் பேசுவதற்குத் திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் தனியான உரிமை உண்டு. மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க ஏறுகிறவர்கள் பலரும் அறியாமலே கடந்துபோகும் அந்தப் பாறையில், பல்லவன் மகேந்திரவர்மன் குடைவித்த சிவாலயத்துக்கு முன்பே, சமணத் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தில், புகாரைவிட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியான கவுந்தியடிகளோடு காவிரிக்கரை வழியே மேற்கே நடந்து, ஆறு சூழ்ந்த அரங்கத்தை அடைந்தபோது, அங்கே சமண நெறியினர் அமைத்திருந்த கல்மேடையில் ஒரு சாரணர் தோன்றித் தர்மத்தை உபதேசித்ததாக இளங்கோவடிகள் பாடுகிறார். பிறகு அவர்கள் ஓடமேறித் தென்கரை சேர்ந்து உறையூரில் தங்குகிறார்கள். அங்கேயும் அருகன் கோட்டம் ஒன்று இருந்தது. ஆகவே ஆடை துறந்த சந்நியாசிகளைக் காவிரியின் இரு கரைகளும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறியும். அவர்கள் இந்த ஊருக்கு அந்நியர்கள் அல்லர்.

அந்தக் கவுந்தியடிகளைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். உலகத்தைத் துறந்து, பிக்ஷா பாத்திரமும் மயிற்பீலியுமாகப் புறப்பட்ட அந்த அம்மையார், வழிப்பயணத்தின் சிரமங்களைக் கோவலனுக்கு எடுத்துச் சொல்லும்போது, மோக்ஷத்தைப் பற்றிப் பேசவில்லை. சோலை வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும் என்றும், பலாவின் விதைகள் பரற்கற்களைப்போல் காலை உறுத்தும் என்றும், வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபட்டுச் சாகும் என்றும் சொல்கிறார். உடம்பைப் பொருட்படுத்தாதவர் பேசும் பேச்சா இது? பிறர் உடம்பின் நோவை நுட்பமாகக் கணக்கிட்டவர் பேசும் பேச்சு. கடுமையான விரதம் பூண்டவர்களிடத்தில் இந்த லௌகிக விவேகம் இருந்ததை மறந்துவிட்டு, அவர்களை வெறும் பிடிவாதக்காரர்களாகவே நாம் சித்திரித்து வந்திருக்கிறோம்.

சமணத்தின் ஒரு பிரிவினரான திகம்பரரின் முனிவர் ஆடையை விடுவதற்குக் காரணங்கள் உண்டு. துணி ஓர் உடைமை; உடைமை என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும், தோய்க்க வேண்டும், கிழிந்தால் வேறொன்றுக்கு ஒருவரிடம் கையேந்த வேண்டும்; தோய்க்கும்போது நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும்; எல்லாவற்றுக்கும் மேலாக, மறைக்க வேண்டும் என்ற எண்ணமே தேகத்தின்மீதுள்ள பற்றின் எச்சம். மயிற்பீலியும் கமண்டலமும் சாஸ்திர நூலும் தவிர அவர் கையில் எதுவும் இராது. ஆயினும் இந்த வாழ்க்கை சுலபமானது என்று அந்த மதம் ஒருநாளும் சொன்னதில்லை. துறவி பொறுக்க வேண்டிய 22 துன்பங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்தும்போது, பசி, தாகம், குளிர், வெயில், கொசுக்கடி ஆகியவற்றை அடுத்து, நிர்வாணத்தையே ஒரு துன்பமாகச் சேர்த்து எண்ணுகிறது. கொசுக்கடியைத் துன்பங்களின் பட்டியலில் சேர்த்தவர்களுடைய நேர்மையை ஸ்ரீரங்கவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடையே மழைக்காலத்து மாலைப் பொழுதைக் கழித்தவர்கள் அவர்கள்.

ஆடையைத் துறந்தவர்கள் மறைப்பையே துறந்துவிடவில்லை என்பதற்கு நம் மலைகளே சாட்சி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் திசையில், சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின்மேல் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்து கிறிஸ்து சகாப்தத்துக்கு முற்பட்டது. தமிழகத்துச் சமணக் குகைகள் பலவற்றில், முகப்புப் பாறையின் நெற்றியில் குறுக்காக ஒரு காடி வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். மேலே பெய்யும் மழை பாறையோடு வழிந்து படுக்கைக்குள் வந்துவிடாமல், அந்தக் காடியின் விளிம்பிலேயே சொட்டிக் கீழே விழுந்துவிடும். உடுதுணி ஒன்றும் வேண்டாம் என்று வந்தவர்களுக்காக, அவர்கள் முதுகில் மழை விழக்கூடாது என்று யாரோ ஒரு கொல்லனும் கல்தச்சனும் உளிபிடித்து உழைத்திருக்கிறார்கள். துறவிகளும் அதை வேண்டாம் என்று மறுக்கவில்லை. மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்திலேயே தங்கிவிட வேண்டும் என்ற விதியும் அவர்களிடம் உண்டு. பருவத்தை மதித்து வகுத்த விதி அது.

வெள்ளாடை உடுத்தும் சுவேதாம்பர சமணர்களின் ஆகமங்களில் இந்த விவேகம் இன்னும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆசாராங்க சூத்திரத்தில், மூன்று வஸ்திரம் உடையவர், இரண்டு உடையவர், ஒன்றே உடையவர், ஒன்றும் இல்லாதவர் எனத் துறவிகள் படிப்படியாகப் பேசப்படுகிறார்கள். குளிர்காலம் கழிந்து கோடை பிறந்ததும், நைந்த துணிகளை விட்டுவிடலாம் என்று அது சொல்கிறது. புல்லின் கூர்மையையும் குளிரையும் வெயிலையும் கொசுவையும் என்னால் பொறுக்க முடியும், ஆனால் மறைவிடத்தை மூடாமல் இருக்க மட்டும் முடியவில்லை என்று ஒரு துறவி உணர்ந்தால், அவர் ஒரு சிறு துணியை இடையில் கட்டிக்கொள்ளலாம் என்றும் அந்த நூல் இடம் தருகிறது. ஸ்தானாங்க சூத்திரமோ, துறவி வஸ்திரம் தரிப்பதற்கு உரிய காரணங்கள் என்று லஜ்ஜையையும், பிறருக்கு உண்டாகும் அருவருப்பையும், தாங்க முடியாத இயற்கைத் துன்பத்தையும் எடுத்துச் சொல்கிறது. இன்றைக்கு ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ நிர்வாணக் கடற்கரைகளில் உலாவும் ஒருவரை நிறுத்தி, நீங்கள் எப்போது துணி உடுத்துவீர்கள் என்று கேட்டாலும், அவர் சொல்லும் பதில் ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான் அடங்கும். வெயில் தோலைச் சுடும்போது, கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்கும்போது, வாசலில் அயலார் வந்து அழைக்கும்போது. பொது இருக்கையில் உட்காருமுன் தம்முடைய துவாலையை விரித்துக்கொள்வதை அவர்கள் ஒரு மரியாதையாகவே கொண்டிருக்கிறார்கள்.

திகம்பரர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நூலிழை இருந்தாலும் முழுத் துறவு ஆகாது என்பது அவர்களுடைய திடமான சித்தாந்தம். ஆனால் அவர்களும் அந்தச் சித்தாந்தத்தின் வாசலில் படிகளை அமைத்திருக்கிறார்கள். இரண்டு துணியோடு இருப்பவர் க்ஷுல்லகர். கோவணம் ஒன்றோடு இருப்பவர் ஐலகர். அதற்கும் அப்பால்தான் முனி. வெள்ளைப் புடவை உடுத்திய ஆர்யிகைகள் பெண் துறவிகள். யாருக்கு எவ்வளவு இயலுமோ அவ்வளவு. அதற்கேற்ற பெயர், அதற்கேற்ற மரியாதை.

இவ்விஷயத்தில் எனக்கு மிகுந்த வியப்பை அளித்த செய்தி ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் வசந்தகீர்த்தி என்ற திகம்பர ஆசாரியர், மண்டபதுர்க்கம் என்னும் வடநாட்டு ஊரில் இருந்தபோது, நிர்வாண முனிவர்களைக் கண்டு அயலார் உபத்திரவம் செய்வது அதிகமானதால், பிக்ஷைக்கு வெளியே செல்லும் வேளையில் மட்டும் பாய் முதலியவற்றால் உடம்பை மறைத்துக்கொண்டு போய், காரியம் முடிந்தவுடன் அதைக் களைந்துவிடலாம் என்று அநுமதி தந்தார். 16ஆம் நூற்றாண்டில் சுருதசாகர சூரி என்ற உரையாசிரியர் இதைக் குறித்துவைத்து, இது விதி அல்ல, விலக்கு என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு முனிவர் பாயைச் சுற்றிக்கொண்டு தெருவில் பிக்ஷைக்கு நடக்கும் அந்தக் காட்சியைக் கண்டு எத்தனை பேர் ஏளனம் செய்திருப்பார்களோ! ஆனால் அந்தப் பாயை அவர் தம்முடைய லஜ்ஜைக்காக எடுக்கவில்லை. அவருக்கு லஜ்ஜை போய் நெடுங்காலமாயிற்று. கல்லெறிய வரும் கைகளுக்காக எடுத்தார். உண்ணவும் வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும், விரதத்தையும் கைவிடக் கூடாது. இந்த மூன்றுக்கும் நடுவே கிடைத்த வழி ஒரு பாய்.

அந்த விலக்கிலிருந்தே, காலப்போக்கில் காவியாடை உடுத்திய பட்டாரகர் என்னும் மடாதிபதிகளின் மரபு வலுப்பெற்றது என்று சரித்திரம் எழுதியவர்கள் கருதுகிறார்கள். அரசர்களின் சபைக்குப் போய் ஆலயங்களுக்காக வாதாடவும், ஏட்டுச்சுவடிகளைக் காப்பாற்றவும், மானியங்களை நிர்வகிக்கவும் ஊருக்குள் சஞ்சரிக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அப்படிச் சஞ்சரிப்பவருக்கு ஆடையும் தேவைப்பட்டது. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றைக்கும் அந்த மரபில் நடந்துவருகிறது. பட்டாரகர்கள் ஆடை உடுத்தியதால் திகம்பர நெறி அழிந்துவிட்டதா? அழியவில்லை. 1872இல் பிறந்து 1955இல் உண்ணாநோன்பிருந்து மறைந்த ஆசாரிய சாந்திசாகரர், வழக்கொழியும் நிலையிலிருந்த நிர்வாணத் துறவை மீண்டும் நாடெங்கும் நடமாடச் செய்தார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அவருடைய நெறியின் ஏடுகளையும் ஆலயங்களையும் காத்துக்கொடுத்தவர்கள், துணி உடுத்திய அந்தப் பட்டாரகர்களே.

சைவ வைஷ்ணவ உலகத்திலும் இதற்கு ஈடான செய்திகள் உண்டு. கரூருக்கு அருகே காவிரிக்கரையிலுள்ள நெரூரில் சமாதி கொண்டிருக்கும் சதாசிவ பிரம்மேந்திரர், திசைகளையே ஆடையாகக் கொண்டு இந்த ஆற்றங்கரையில் திரிந்தவர். ஒரு முஸ்லிம் தலைவனின் அந்தப்புரக் கூடாரத்தினூடே அவர் தம்மை மறந்து நடந்துபோனபோது, அவன் வெகுண்டு அவர் கையை வெட்டினான் என்றும், வெட்டுண்டதுகூடத் தெரியாமல் அவர் நடந்துகொண்டே இருந்தார் என்றும் கர்ணபரம்பரைக் கதை சொல்கிறது. அவர் போர்த்திக்கொள்ளவில்லை, போர்த்திக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வியே அவரிடத்தில் எழவில்லை. அத்தகைய நிலை கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, உடம்பின் நினைவோடு விரதம் காக்கும் மற்றவர்களை அளப்பது நியாயமாகாது. பெரிய புராணத்து அமர்நீதி நாயனாரிடம் பிரம்மசாரி வேஷத்தில் வந்த சிவபெருமானே, தாம் காவிரியில் நீராடிவரும்வரை ஓர் உலர்ந்த கோவணத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித் தந்தார்; மழை வந்து உடுத்தியது நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். கோவணம் ஒன்றே சொத்தாக உள்ளவருக்கும் மழையைப் பற்றிய யோசனை உண்டு என்று சேக்கிழார் காலத்து ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்ரீரங்கநாதனை அடைந்த ஆண்டாள் நாச்சியாரோ, நாச்சியார் திருமொழியின் மூன்றாம் பதிகம் முழுவதையும் ஆடையின்றி நிற்க நேரும் சங்கடத்துக்கே அர்ப்பணித்திருக்கிறாள். விடியுமுன் நீராட வந்த பெண்களின் துகிலைக் கண்ணன் கவர்ந்துகொண்டு குருந்த மரத்தில் ஏறிவிடுகிறான். அந்தப் பெண்கள் அவனிடம் முறையிடும்போது தத்துவம் பேசவில்லை: சூரியன் உதித்துவிட்டான், தாமரைத் தண்டு தேள் கொட்டினாற்போல் காலைக் கதுவுகிறது, மீன்கள் கடிக்கின்றன, வீட்டிலுள்ள தாய்மார் கண்டால் பொறுக்கமாட்டார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக, யாராலும் மறுக்க முடியாத காரணங்களைச் சொல்கிறார்கள். பூர்வாசாரியர்கள் இதற்கு ஆயிரம் உட்பொருள் கண்டிருக்கலாம், அவற்றை வணங்குகிறேன். ஆனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டு துணிக்காக வேண்டுகிறவளுடைய அவஸ்தையை, ஒரு பெண்ணாகையால், ஆண்டாள் எவ்வளவு பிரத்யட்சமாகப் பாடிவிட்டாள்! அதே ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில், நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றப்படுகின்றன. பகவானுக்கே போர்வை சாற்றி மகிழும் ஊர் இது.

காந்தியடிகளின் உதாரணத்தையும் விட்டுவிட மனமில்லை. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில் அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு வந்தபோது வெளியிட்ட அறிக்கையிலேயே, உடம்பின் பாதுகாப்புக்கு வேண்டியபோது ஒரு மேல்துணி போர்த்திக்கொள்வதாகச் சேர்த்தே சொல்லியிருந்தார். 1931இல் லண்டன் குளிரில் சால்வை போர்த்தியபடிதான் அரசரையும் சந்தித்தார். அதைக் கொண்டு அவருடைய விரதம் பொய் என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

நம் ஜில்லாவின் உழவர்களுக்கு இதெல்லாம் உபதேசம் செய்ய வேண்டியதே இல்லை. சித்திரை வைகாசியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இந்தப் பூமியில், தலையில் ஒரு துண்டும் இடையில் ஒரு வேட்டியுமாக வயலில் நிற்கும் அதே மனிதர், கரும்பு வெட்டப் போகும்போது முழுக்கைச் சட்டை அணிந்துகொள்கிறார்; சோகை உடம்பைக் கீறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வாழைத்தார் சுமப்பவர் கறை படிந்த பழைய சட்டை ஒன்றைத் தனியாகவே வைத்திருக்கிறார். திறந்த மேனி அவருக்கு வழக்கம். மூடிய மேனி அவருக்குத் தேவை. இரண்டுக்கும் விரோதம் இருப்பதாக அவர் நினைத்ததே கிடையாது.

இவ்வளவு காரணங்களையும் சொல்லிவந்தபின், இக்காலத்தில் புதிதாக முளைத்திருக்கும் ஒரு காரணத்தைச் சொல்லும்போது எனக்கு வருத்தமும் கோபமும் உண்டாகின்றன. அம்மா மண்டபம் படித்துறையிலும், ஓடத்துறையிலும், ஐயாளம்மன் படித்துறையிலும், ஆடிப்பெருக்கன்றும் தை அமாவாசையன்றும் கூடும் ஜனங்களில், முன்னெல்லாம் பாட்டிமார்களும் தாய்மார்களும் புடவையை மார்பளவில் கட்டிக்கொண்டு நிம்மதியாக மூழ்கி எழுந்து, ஈரத்தோடேயே படியில் நின்று மாற்றுப்புடவை உடுத்தினார்கள். ஆண்களும் கோவணத்தோடும் துண்டோடும் இறங்கினார்கள். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்ற எழுதாத ஒப்பந்தம் அந்தப் படித்துறையில் இருந்தது. இன்றைக்கு ஆற்றைப் படமெடுக்கிறேன் என்று கைபேசியை உயர்த்துகிறவரின் படச் சட்டத்துக்குள் குளிப்பவர்களும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அந்தப் படம் எங்கெங்கே போகும் என்பது எடுத்தவருக்கே தெரியாது. ஆகையால் பெண்கள் நீராடுவதையே குறைத்துக்கொள்கிறார்கள். வருகிறவர்களும் நனைந்த உடையோடேயே வீடு திரும்புகிறார்கள். வசந்தகீர்த்தியின் முனிவர் பாயைச் சுற்றிக்கொண்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் உடம்பு ஒரு பிழையும் செய்யவில்லை.

அந்தரங்கமான நிலையிலுள்ள பெண்ணை மறைந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கப்பட்டுவிட்டது. இன்றைய பாரதீய நியாய சன்ஹிதாவில் அது 77ஆம் பிரிவாக இருக்கிறது. சட்டம் இருப்பது நல்லதே. ஆனால் படித்துறையில் சட்டப் புத்தகம் பாதுகாப்பு ஆகாது. கதவும் தாழ்ப்பாளும் ஒழுங்காக உள்ள, வெளிச்சமும் தண்ணீர்க் குழாயும் உள்ள உடை மாற்றும் அறைகள், கூட்டம் கூடும் அம்மா மண்டபத்தில் மட்டுமல்லாமல், இரு கரையிலும் உள்ள சிறு படித்துறைகளிலும் வேண்டும்; அவை திருவிழா நாட்களில் மட்டும் திறந்து மற்ற நாட்களில் பூட்டிக்கிடக்காமல் தினந்தோறும் பயன்பட வேண்டும். மாநகராட்சி இதைப் பெரிய திட்டமாக எண்ணித் தள்ளிப்போட வேண்டியதில்லை. நான்கு சுவரும் ஒரு கதவும் போதும்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். திகம்பர முனிவர்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் பாதயாத்திரையாக வருகையில் நீங்கள் அவர்களைக் காண நேரலாம். அவர்களைச் சுற்றிப் பக்தர்கள் துணியைத் திரைபோல் பிடித்துக்கொண்டு நடந்தாலும், அதைக் கண்டு சிரிக்காதீர்கள். அந்தத் திரை நம் பார்வைக்காகப் பிடிக்கப்படுவது. அடுத்த ஆடிப்பெருக்கன்று காவிரிக்குப் போகும்போது, படியில் இறங்குமுன் உங்கள் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் அதைச் சொல்லுங்கள்.